தரவு மையத்தில் பணம் போடுமுன், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்

செயற்கை நுண்ணறிவு அலை அடிக்கத் தொடங்கியதிலிருந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்களிடையே இரண்டு பேச்சுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊரில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ‘தரவு மையம் (சர்வர் கணினிகளை வைத்து ஓட்டும் கட்டடம்) வருகிறது, இப்போதே மனை வாங்கிப் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள் ஒன்று. இங்கே பங்குச் சந்தையில் விற்கும் தரவு மைய ரீட்கள் இன்னொன்று. ரீட் என்றால் பலரிடம் பணம் திரட்டிக் கட்டடம் வாங்கி, வரும் வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் சொத்து முதலீட்டு அறக்கட்டளை. 2025 ஜூலையில் ஜப்பானின் என்டிடி நிறுவனத்தின் தரவு மைய ரீட் இங்கே பட்டியலிடப்பட்ட பிறகு, பங்கு பக்கமே போகாதவர்கள்கூட இதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

நான் பங்குத் தரகன் அல்ல. இப்படிப்பட்ட கட்டடங்களின் மின்சார அமைப்புகளில் வேலை பார்க்கிறவன். அந்த இடத்திலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தரவு மையத்தை நம்பி மனை வாங்காதீர்கள். ரீட் வாங்கலாம், ஆனால் ஊரில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது போன்ற பத்திரமான காரியம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

முதலில் மனை. சென்னைக்குத் தரவு மையங்கள் வருவது பொய்யில்லை. இணையத்தைச் சுமந்து வரும் கடலடிக் கம்பிவடங்கள் பல அங்கேதான் கரையேறுகின்றன. 2021-ல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி மூன்றும் சேர்ந்த நிறுவனம் 2024 ஜனவரியில் அம்பத்தூரில் ஒரு வளாகத்தைத் திறந்தது. சிறுசேரியிலும் பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் பூங்காவில் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒதுக்கப்படுகிறது. அங்கே வரும் நிறுவனம், பக்கத்தில் லேஅவுட் போட்ட உங்கள் 1,200 சதுர அடியைத் தேடி வரப்போவதில்லை.

பழைய மகாபலிபுரம் சாலைக்கு இன்றைய விலை எப்படி வந்தது? ஆட்களால் வந்தது. ஐடி அலுவலகத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், மெஸ் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். தரவு மையத்தில் அது நடக்காது. கட்டும்போது கூட்டம் இருக்கும். கட்டி முடித்துவிட்டால் காவலாளிகள், ஷிப்டு முறையில் மின், குளிரூட்டிப் பணியாளர்கள், சில கணினிப் பொறியாளர்கள், அவ்வளவுதான். ஜன்னல்கூட இல்லாத ஒரு பெரிய கட்டடம் பக்கத்தில் வருவதால் உங்கள் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள். டீசல் ஜெனரேட்டர்களைச் சோதனைக்கு ஓட்டும் நாளில் சத்தம் வேண்டுமானால் வரும். மனை வேறு காரணத்துக்காகப் பிடித்திருந்தால் வாங்குங்கள். தரவு மையம் வருகிறது என்பதற்காகச் சதுர அடிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

சரி, கட்டடத்துக்கு உள்ளே போவோம். சர்வர்கள் அடுக்கி வைத்திருக்கும் இரும்புச் சட்டத்துக்கு ரேக் என்று பெயர். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பத்து ஆண்டுக்கு முன் கட்டிய மையங்களில் ஒரு ரேக் சில கிலோவாட் மின்சாரம் எடுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பி இழுத்திருப்பார்கள், குளிர்காற்று விட்டிருப்பார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக்கென்று சிப் நிறுவனமான என்விடியா தரும் ஜிபி200 ரேக் ஒன்றில் 72 முக்கிய சிப்கள் இருக்கின்றன. அந்த ஒரே ரேக் சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. இங்கே ஒரு நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சராசரி மின்தேவை அரை கிலோவாட்டை ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரு ரேக்குக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளின் மின்சாரம். எடையோ ஒரு டன்னைத் தாண்டுகிறது. காற்றை மட்டும் வைத்து அந்தச் சூட்டை எடுக்க முடியாது. சிப்பின் தலைமேல் ஒட்டிய தகட்டுக்குள் திரவத்தை ஓடவிட்டாக வேண்டும். பழைய கட்டடத்தில் இதை வைக்க வேண்டுமென்றால் தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும், குழாய் புதிதாகப் போட வேண்டும், மின்மாற்றியிலிருந்து யுபிஎஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அது சுவருக்குச் சாயம் அடிக்கிற வேலை இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ‘தரவு மையம்’ என்ற ஒரே பெயரில் இருபது வயதுக் கட்டடமும் விற்கிறது, இன்றைய தேவைக்கென்று கட்டியதும் விற்கிறது. செயற்கை நுண்ணறிவால் தேவை ஏறுகிறது என்று செய்தி வந்தால் இரண்டின் விலையும் சேர்ந்தே ஏறுகிறது. பழைய கட்டடம் வீண் என்று சொல்லவில்லை. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இன்னும் அதற்குத்தான் வாடகை தருகின்றன. ஆனால் உங்கள் பணம் எதில் போகிறது என்று தெரிந்து போட வேண்டாமா?

உண்மையான சொத்து மின் இணைப்புதான். கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா என்ற ஊர், என்விடியாவின் தலைமையகம் இருக்கும் ஊர். அங்கே கட்டி முடித்த இரண்டு தரவு மையங்கள் மின்சாரம் கிடைக்காமல் காலியாக நின்றன என்ற செய்தி 2025-ல் வந்தது. உலகத்திலேயே தரவு மையங்கள் மிக அடர்த்தியாக இருக்கும் வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில், புதிய இணைப்புகள் தாமதமாகும் என்று 2022-லேயே மின் நிறுவனம் கையை விரித்தது. சிங்கப்பூர் 2019-லிருந்து 2022 தொடக்கம் வரை புதிய மையங்களுக்கு அனுமதியையே நிறுத்தி வைத்திருந்தது. அதன் பிறகும் அளந்து அளந்துதான் கொடுக்கிறது. 2023-ல் நான்கு தரப்புக்குச் சேர்த்து 80 மெகாவாட். இடம் கிடைக்காதவர்கள் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போனார்கள். அதனால்தான் சிங்கப்பூருக்குள் ஏற்கனவே மின் இணைப்போடு ஓடிக்கொண்டிருக்கும் மையத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஜொகூரில் இருப்பதற்கு அதே மதிப்பைப் போடக் கூடாது என்பது என் எண்ணம். அங்கே புதிதாக ஒன்று கட்டுவது இங்கே போல அவ்வளவு கஷ்டமில்லை.

அடுத்தது குத்தகைக்காரர். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

டிஜிட்டல் கோர் ரீட் 2021 டிசம்பரில் ஒரு யூனிட் (ரீட்டின் பங்குக்கு அதுதான் பெயர்) 88 அமெரிக்க சென்ட்டுக்கு இங்கே பட்டியலிடப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் ஐந்தாவது பெரிய வாடிக்கையாளர் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2023 ஜூனில் சைக்ஸ்டெரா என்ற நிறுவனமும் அதே வழியில் போனது. அது இரண்டாவது பெரிய வாடிக்கையாளர். வட்டி ஏற்றமும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டில் யூனிட் விலை வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கு உலகமே தலைதெறிக்க ஓடத் தொடங்கிய அதே ஆண்டு அது! தேவை வானத்தைத் தொடும்போதே குத்தகைக்காரர் ஓட்டாண்டி ஆக முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கெப்பல் டிசி ரீட் இன்னும் பழையது, 2014 டிசம்பரில் வந்தது. நல்ல பெயர் எடுத்த ரீட். நானே கொஞ்சம் வைத்திருக்கிறேன். அது சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் தரவு மையங்கள் வாங்கியது. விற்ற தரப்பே 15 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. கேட்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது பாருங்கள், 15 ஆண்டு! ஆனால் வாங்கிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தக் குத்தகைக்காரர் வாடகைப் பாக்கி வைத்தார். 2022-ல் யூனிட்டுக்கு 10.214 சிங்கப்பூர் சென்ட்டாக இருந்த பங்கீடு 2023-ல் 9.383 சென்ட்டாகக் குறைந்தது. வட்டிச் செலவும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஆண்டுகளைப் பார்த்து மயங்கினால் என்ன ஆகும் என்பது அந்தக் குவாங்டோங் வாடகையில் தெரிந்துவிட்டது.

பணக்காரக் குத்தகைக்காரர் என்றால் கவலையில்லையா? ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவைப் பாருங்கள். லூசியானாவில் அது கட்டும் மாபெரும் மையத்துக்கு 2025 அக்டோபரில் புளூ அவுல் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2,700 கோடி டாலர் ஏற்பாடு செய்தது. கட்டடத்தில் 80 சதவீதம் புளூ அவுல் நிர்வகிக்கும் நிதிகளுக்கு, 20 சதவீதம் மெட்டாவுக்கு. மெட்டா எடுக்கும் முதல் குத்தகை எத்தனை ஆண்டுக்கு? நான்கே ஆண்டு. வேண்டுமானால் நீட்டித்துக்கொள்ளலாம். பாதியில் போனால் மதிப்பு இழப்பை ஒரு வரம்பு வரை ஈடுகட்டும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் செயற்கை நுண்ணறிவில் எல்லாரையும்விட அதிகமாகப் பணம் கொட்டுகிறவர்களில் ஒருவரே வெளியேற ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறார் என்றால், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போடும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இணையத்தின் முதல் அலையிலும் இதுதான் நடந்தது. இன்று இந்தத் துறையின் பெரியண்ணனான ஈக்வினிக்ஸ் 2002-ல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரின் எஸ்டி டெலிமீடியா கைகொடுத்ததும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம். 32 பங்குகளை ஒரு பங்காகச் சுருக்கினார்கள். இணையம் வளரும் என்று அன்று நம்பியவர்கள் சொன்னது சரிதான். இருந்தும் அவசரத்தில் கடன் வாங்கிக் கட்டியவர்களை நம்பிய பழைய பங்குதாரர்களின் பணம் போய்விட்டது.

ரீட்டில் இன்னொரு விஷயம். வருமானத்தில் பெரும்பகுதியைப் பங்கிட்டுவிடுவதால் கையில் பணம் தங்காது. புதிய மையம் வாங்க நம்மிடம்தான் மறுபடி வருவார்கள். ஜெண்டிங் லேனில் இரண்டு மையங்களை வாங்க 2024 இறுதியில் கெப்பல் டிசி ரீட் ஏறத்தாழ 100 கோடி வெள்ளி திரட்டியது. அது நல்ல கொள்முதல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மகளின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை ரீட்டில் போட்டவர், அப்படிக் கூடுதல் பணம் கேட்கும்போது என்ன செய்வார்? அவருடைய பங்கு கரையும். அந்தப் பணத்தை இங்கே கொண்டுவராதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஆண்டறிக்கையில் பத்துப் பெரிய வாடிக்கையாளர்களின் பட்டியல் இருக்கும். பல ரீட்கள் அதில் பெயரைப் போடுவதில்லை. ‘உலகளாவிய மென்பொருள் நிறுவனம்’, ‘இணைய நிறுவனம்’ என்று வகையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. ரகசிய ஒப்பந்தம் என்று காரணம் சொல்வார்கள். கடைசியில் வாடகை வராவிட்டால் நட்டம் நமக்கு. குடியிருப்பவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த வாடிக்கையாளரின் கடன் தர மதிப்பீட்டையாவது (கடனைத் திருப்பித் தரும் திறனுக்குக் கொடுக்கும் மதிப்பெண்) சொல்லட்டும். குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அந்தக் கட்டடத்தில் ஒரு ரேக்குக்கு எத்தனை கிலோவாட் கொடுக்க முடியும், இதையாவது மையம் மையமாக எழுதட்டும்.

இங்கே பெரும்பாலான ரீட்களின் ஆண்டுக் கூட்டம் ஏப்ரல் வாக்கில் நடக்கிறது. ஒரு லாட் (100 யூனிட்) வைத்திருந்தால்கூடக் கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். முக்கியமான கேள்விகளுக்குப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி பதில் போட வேண்டும். நான் இந்த மூன்றையும் எழுதி அனுப்பப் போகிறேன். உங்களிடம் எந்த ரீட் இருந்தாலும் அதற்கும் இதே கேள்விகளை அனுப்புங்கள். பதில் வந்ததும் இங்கே கீழே போடுங்கள், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.