1937-இல் சீனப் படையிடம் வாள் மட்டும்தான் இருந்ததா?

"ஜப்பானை எதிர்த்த சீனர்களிடம் வாளும் ஈட்டியும்தான் இருந்தன" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1937 ஆகஸ்டில் ஷாங்காயில் மோதிய 87, 88-ஆவது டிவிஷன்கள் ஜெர்மன் ஆலோசகர்களிடம் பயிற்சி பெற்றவை. தலையில் ஜெர்மன் இரும்புத் தொப்பி, கையில் மவுசர் வகைத் துப்பாக்கி. கூடவே செக்கோஸ்லோவாக்கிய வடிவமைப்பான இசட்பி-26 இயந்திரத் துப்பாக்கி; இருபது தோட்டா கொண்ட அதன் மேகசின் மேல்பக்கம் செருகப்படும்.

சரி, வாள் கதை எங்கிருந்து வந்தது? 1933-இல் பெருஞ்சுவரின் ஷிஃபெங்கோ கணவாயில் 29-ஆவது படையினர் அகன்ற வாட்களோடு இரவில் ஜப்பானியரைத் தாக்கியது உண்மை. ஆனால் அவர்களிடமும் துப்பாக்கிகள் இருந்தன.

நிஜமான பற்றாக்குறை கனரக பீரங்கி, விமானம், போர்க்கப்பல். ஹுவாங்பூ ஆற்றிலிருந்து ஜப்பானியக் கப்பல்கள் குண்டு பொழிந்தன. அதையும் தாங்கி, சீனர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் ஷாங்காயில் போரிட்டார்கள்.