‘ஆயுள்கால டொமைன்’ என்று ஒன்று கிடையாது

“ஒருமுறை பணம் கட்டினால் போதும், இணையதளப் பெயர் (டொமைன்) ஆயுளுக்கும் உங்களுடையது” என்று கும்பகோணம், தஞ்சாவூர் வியாபாரிகளிடையே சுற்றும் தகவல் தவறு.

டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஆயுள்காலம்’ என்று விற்பவர், உங்களுக்காகத் தானே புதுப்பிப்பதாக வாக்குக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அவர் தொழிலை விட்டால் பெயரும் போகலாம்.

காலாவதியானதும் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக்காலம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக்காலம். இதற்குத் தனிக் கட்டணம், பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்கு அந்தப் பெயரில் மின்னஞ்சல் இருந்தால், வாடிக்கையாளர் அனுப்பும் ஆர்டர் புதிதாக வாங்கியவர் கைக்கே போகலாம். தளம் முடங்குவதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

இன்றே பாருங்கள்: பதிவுக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? வடிவமைத்தவருடையது என்றால், உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள். வேறு பதிவு நிறுவனத்துக்கே மாற்ற, டொமைன் பூட்டை (பெயரை வேறிடத்துக்கு மாற்றவிடாத தடை) திறந்து, மாற்றுக் குறியீட்டை (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) கேட்டு வாங்க வேண்டும். புதிதாகப் பதிந்த 60 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமே வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தாலும், கார்டு காலாவதியானால் பணம் போகாது.