ஜாலி ஜன்னல் ஏசி கிடையாது
ஜாலி என்பது துளைத் துளையாகச் செதுக்கிய ஜன்னல் தடுப்பு. "ஜாலியின் சின்ன ஓட்டைகளில் புகும் காற்று அழுத்தப்பட்டு, ஏசி மாதிரி குளிர்ந்து உள்ளே வருகிறது" என்று ஹவா மஹாலை உதாரணம் காட்டி உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நாளாகச் சுற்றும் கதை இது. குறுகலான துளையில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் கொஞ்சம் குறையும், அதுவரை சரி. ஆனால் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் காற்று துளைக்குள் 6 மீட்டருக்கு ஏறினாலும் வெப்பநிலை குறைவது சுமார் 0.016 டிகிரிதான், அதுவும் மறுபக்கம் வேகம் தணிந்ததும் பழையபடி ஆகிவிடும்.

ஜாலி செய்யும் நிஜ வேலை நிழல் தருவது. நேரடி வெயிலைத் தடுத்துவிட்டுக் காற்றை விடுவதால் தரையும் உள்சுவரும் அவ்வளவாகச் சூடேறாது. அந்தக் காற்று மேலே பட்டு வியர்வை உலரும்போது உடம்புக்குக் குளிர்ச்சி தெரியும், வெப்பமானிக்குத் தெரியாது. நீங்கள் உதாரணம் காட்டிய ஹவா மஹாலில் (1799-இல் ஜெய்ப்பூரில் கட்டிய அரண்மனை) மேல்மாடிகள் ஒரே ஓர் அறை அகலம்தான், காற்று குறுக்கே புகுந்து போய்விடும், பாதிப் பெருமை அதற்குச் சேர வேண்டியது.

காற்றே குளிர வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். கெய்ரோவின் பழைய வீடுகளில் மஷ்ரபியா என்ற மரக் கிராதியோரம் மண்பானை வைத்தார்கள், பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீரோடு காற்றும் கொஞ்சம் குளிர்ந்தது.