ஸ்ரீரங்கம் ஒரு தீவுங்கறத விட்டுட்டீங்களே
நீங்க எழுதின ஸ்ரீரங்கம் கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா முழுக்க கோயில், ராஜகோபுரம்னே போயிடுச்சு, ஆத்துக்கு நடுவுல இருக்கிற தீவுங்கறத ஒரே வரில முடிச்சிட்டீங்க. திருச்சிக்கு மேக்கால இருக்கிற முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது, வடக்கால போறது கொள்ளிடம், நடுவுல இருக்கிற மண்ணுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். எங்கள மாதிரி சென்னைல இருந்து நைட் ட்ரெயின்ல போறவங்க முழிச்சிருந்தா தெரியும், முதல்ல கொள்ளிடம் பாலம் தடதடன்னு வரும், அப்புறம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன், அதத் தாண்டினா உடனே காவிரி பாலம்.

கொள்ளிடம் தாழ்வா இருக்கறதால தண்ணி பூரா அந்தப் பக்கமே ஓடி டெல்டாவுக்கு வரத்து கொறைஞ்சுதுன்னுதான் 1836ல ஆர்தர் காட்டன்ங்கற இங்கிலீஷ் இன்ஜினியர் முக்கொம்புல மேலணை கட்டினார், அதுல கொள்ளிடம் பக்கம் 9 ஷட்டர் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அடிச்சிட்டுப் போனப்போ டிவில பாத்து வயிறு கலங்கிடுச்சு. ஆடில ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாள் காவிரிக்கரைல இருக்கிற அம்மா மண்டபத்துக்கு வந்து காவிரித் தாய்க்கு சீர் குடுப்பார், பட்டுப்புடவை, மாலை, மஞ்சள், வெத்தலபாக்குன்னு யானை மேல வரும், அத அப்படியே ஆத்துல விடுவாங்க. அவ்ளோ மரியாதை குடுக்கிற ஆத்துலயே மணல அள்ளி அள்ளி பள்ளமாக்கி வெச்சிருக்கோம். மேலூர் பக்கம் இருக்கிற வண்ணத்துப்பூச்சி பூங்காவயும் சேத்து ரெண்டாவது பாகம் எழுதுங்க சார், ப்ளீஸ்.