செல்போன் அல்ல, சாம்ப்சனின் சாதனை வேறு
அமெரிக்கக் கறுப்பினப் பொறியாளர் ஹென்றி சாம்ப்சனைப் பற்றி நான் படித்த கட்டுரை, அவர் செல்போனைக் கண்டுபிடித்தார் என்கிறது; அது தவறு. 1971-ல் அவரும் ஜார்ஜ் மைலியும் காப்புரிமை பெற்றது கதிர்வீச்சிலிருந்து மின்னழுத்தம் தரும் காமா மின்கலத்துக்கு. நடுவில் அடர்த்தியான உலோகம், சுற்றிலும் மின்காப்புப் பொருள், அதில் ஒரு மின்கடத்திப் படலம். காமா கதிர் பட்டால் நடு உலோகத்துக்கும் அந்தப் படலத்துக்கும் இடையே உயர் மின்னழுத்தம் உண்டாகும். இதில் தொலைபேசிக்கு எங்கே வேலை? கையடக்க செல்போனில் 1973-ல் முதல் அழைப்பைச் செய்தவர் மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர். இந்த வதந்தி சாம்ப்சனின் பெரிய உழைப்பையே மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். கறுப்பினத்தவர் எடுத்த படங்களைப் பற்றி 1977-லும், அவர்களின் இசை நாடகங்களைப் பற்றி 1980-லும் ஆதார நூல்கள் தந்தவர் அவர். கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1919-ல் எடுத்த அவருடைய முதல் படம்கூட இன்று பிரதியில்லாமல் போய்விட்டது. அப்படிப்பட்ட படங்களுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியச் சாட்சி, 'சிகாகோ டிஃபெண்டர்', 'இண்டியானாபொலிஸ் ஃப்ரீமேன்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் விளம்பரமும் விமர்சனமும்தான். அதிலும் கவனம் வேண்டும்: நாடகக் குழுக்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியனுப்பிய செய்திகளும் அவற்றில் அச்சாகின. கூட்டமும் வசூலும் அதில் ஊதிப் பெருத்திருக்கும். ஆனால் எந்த ஊர், எந்தத் தேதி, மேடையில் யார் என்ற விவரங்களை வேறொரு பத்திரிகையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே சாம்ப்சன் இதையெல்லாம் தேடித் தொகுத்தார் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோவது நியாயமில்லை.