காகம் பார்ப்பது சட்டையையா, முகத்தையா?

காகங்களுக்கு மனித முகம் தெரியாது, மொட்டை மாடியில் சோறு வைப்பவரைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் அறியும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 2006-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவை ஆய்வாளரின் குழுவினர் ஆதிமனித முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். அப்புறம் அந்த முகமூடியை யார் போட்டு வந்தாலும், ஆணோ பெண்ணோ, எந்த உடையானாலும், காகங்கள் கூடிக் கத்தின. முகமூடி இல்லாமல் வந்தால் பிடித்தவரையே கண்டுகொள்ளவில்லை! சரி, அது அமெரிக்க இனம், நம் மயிலாப்பூர்க் காகம் வேறுதான். மார்ஸ்லஃப் பெயரோடு காகம், முகமூடி என்று தேடினால் ஆய்வு கிடைக்கும். வீட்டிலும் பார்க்கலாம்: சோறு வைப்பவரின் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு மாடிக்குப் போகட்டும், காகம் ஏமாறுகிறதா என்று பாருங்கள். கையில் தட்டு மட்டும் வேண்டாம், தட்டைப் பார்த்தால் எந்தக் காகமும் வரும்.