வீசியவர் உதவியாளர், பிடித்தவர் தலைவர்

பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலை அமெரிக்கக் கல்லூரி அளவில் பேச்செடுத்தால் முதலில் வருவது பிட்சர்களின், அதாவது பந்து வீசுபவர்களின் பெயர்தான். லிசா ஃபெர்னாண்டஸையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ அணிக்காக 1990 முதல் 1993 வரை பந்து வீசினார். 93 வெற்றி, 7 தோல்வி. 1993-இல் அவர் விட்டுக்கொடுத்த ரன் 7 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 0.25, அதாவது நான்கு முழு ஆட்டத்துக்கு ஒன்று. அதே ஆண்டு மட்டையைப் பிடித்து .510 சராசரி, அதாவது பாதி வாய்ப்புகளுக்கு மேல் ஹிட், வைத்திருந்தார். இரண்டிலும் நாட்டில் முதலிடம். பிறகு 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 25 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கிவிட்டு, 13-வது இன்னிங்ஸில் 2-1 என்று தோற்றாரே, அவரேதான்.

இவ்வளவு பெரிய ஆள் தன் பழைய கல்லூரியில் நெடுங்காலம் இருந்தது உதவிப் பயிற்சியாளராக. 2007-இலிருந்து அங்கே தலைமைப் பயிற்சியாளர் கெல்லி இனோயே-பெரஸ். கல்லூரி நாட்களில் ஃபெர்னாண்டஸ் வீசிய பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடித்த கேட்சர்.

தற்செயலாக இப்படி அமைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்சராக நான்கு வருடம் ஆடுவதே பயிற்சியாளர் வேலைக்கான பாதிப் படிப்பு என்பது என் கட்சி. தோனி ரசிகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

களத்தில் ஒன்பது பேர். எட்டு பேர் பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் அந்த எட்டு பேரையும் எதிர்முகமாகப் பார்க்கிறார். பேட்டரின் கால் எங்கே இருக்கிறது, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஓரடி தள்ளி நிற்கிறாரா, முதல் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) இருக்கும் ரன்னர் எந்தக் காலில் எடை போட்டிருக்கிறார் என்று மூன்றையும் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பார்த்தாக வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நூறு பந்துக்கு மேல் வரும். பிட்சரை மாற்றுவார்கள், கேட்சரைப் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். ஆக, அணியில் இருக்கும் அத்தனை பிட்சர்களின் கையும் மனமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யாருக்கு ஐந்தாவது இன்னிங்ஸில் ரைஸ் பால் எழும்பாமல் தட்டையாக வருகிறது, யார் ஒரு ரன் போனதும் அவசரப்பட்டு வீசுகிறார் என்பது கையுறைக்குள்ளேயே தெரிந்துவிடும்.

வேலையின் கடினத்தைக் கணக்காகச் சொல்கிறேன். பிட்சர் நிற்கும் தூரம் 43 அடி. பந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பிளேட்டை அடைய அரை நொடிகூட ஆகாது. ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் கிட்டத்தட்ட 85 அடி. பந்து பிட்சர் கையை விட்ட கணமே ரன்னர் ஓடலாம். பேஸ்களுக்கு இடையே தூரம் 60 அடிதான். கேட்சர் பந்தை வாங்கி, கைமாற்றி, எறிந்து, அது இரண்டாவது பேஸில் இருப்பவர் கையுறைக்குப் போய்ச்சேர 1.8 நொடி என்றால் நல்ல கேட்சர். அதில் ஏறக்குறைய ஒரு நொடி பந்து காற்றில் போகும் நேரம். மீதி முக்கால் நொடிதான் பயிற்சியால் குறைக்கக்கூடியது. இளம் கேட்சர்கள் கை பலத்தைக் கூட்டப் பார்ப்பார்கள். நேரம் போவது காலில். பந்து வந்த பிறகு எழுந்து காலை வைத்தால் தாமதம்தான். பந்து கையுறையைத் தொடும்போதே வலது கால் நகரத் தொடங்கியிருக்க வேண்டும்.

தரையில் குத்தி வரும் டிராப் பால் இன்னொரு பாடம். புதியவர்கள் அதைப் பிடிக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் தவறு. பிடிக்கக் கூடாது, மறிக்க வேண்டும். இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் தரைக்குப் போக வேண்டும். கையுறை தொடைகளுக்கு நடுவே மண்ணைத் தொட்டபடி, எறியும் கை அதன் பின்னால், தோள் முன்னோக்கி வளைந்து, தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். பந்து மார்க் கவசத்தில் பட்டு முன்னால் இரண்டடிக்குள் விழுந்தால் வேலை முடிந்தது. பயத்தில் முகத்தைத் திருப்பினால் உடம்பும் கூடவே திரும்பி, பந்து பக்கவாட்டில் தெறிக்கும், ரன்னர் அடுத்த பேஸில் இருப்பார். கழுத்தில் கவசம் இல்லாத இடமும் அப்போதுதான் வெளியே தெரியும். மூன்றாவது ஸ்ட்ரைக்கில் இது நடந்து, முதல் பேஸ் காலியாகவோ இரண்டு பேர் அவுட்டாகவோ இருந்தால், ஸ்ட்ரைக் அவுட் ஆன பேட்டரே ஓடிப்போய்த் தப்பித்துவிடலாம். எந்தப் பந்தைத் தன் கேட்சர் மறிப்பார் என்று நம்புகிறாரோ அந்தப் பந்தைத்தான் பிட்சர் மூன்றாவது பேஸில் ரன்னர் இருக்கும்போது வீசத் துணிவார். எதிரணிக்குத் தெரியாத இரகசியம் இது. பெஞ்சில் இருப்பவர்களுக்கே சில சமயம் தெரியாது.

இடது கை ஸ்லாப்பர் வந்துவிட்டால் இன்னும் சிக்கல். அவர் பேட்டர் நிற்கக் கோடு போட்ட பெட்டிக்குள்ளேயே ஓட ஆரம்பித்துப் பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்குப் பறப்பவர். அவர் கால் எப்போது திறக்கிறது என்பதைக் கேட்சர்தான் கிட்டத்தில் பார்க்கிறார். சீக்கிரம் நகர்கிறாரா? சேஞ்ச்-அப் என்ற மெதுவான பந்தைக் கேட்கலாம். பந்து மெதுவாக வர, அவர் பெட்டியின் முன்கோட்டைத் தாண்டிவிடுவார். கால் முழுதும் கோட்டுக்கு வெளியே ஊன்றியிருக்கும்போது மட்டையில் பந்து பட்டால் அவுட்.

கல்லூரி அளவில் பந்தைத் தேர்வு செய்வது பெரும்பாலும் பெஞ்சிலிருக்கும் பயிற்சியாளர்தானே என்று கேட்பீர்கள். உண்மை. மூன்று இலக்க எண்ணைக் கத்துவார்கள், மணிக்கட்டில் கட்டிய அட்டையில் கேட்சர் அதைத் தேடிப் பார்ப்பார். இப்போது மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. என் பார்வையில் இது ஆட்டத்தை வேகப்படுத்தியதே தவிர, கேட்சர்களை மழுங்கடித்துவிட்டது. ஏன் அந்த எண் வந்தது என்று தெரியாமல் அட்டையைப் படிப்பவர் நாளை பயிற்சியாளர் ஆனால் அவரும் அட்டையைத்தான் படிப்பார். இன்னிங்ஸ் முடிந்து திரும்பும் கேட்சரிடம் "மூணாவது பந்துக்கு ஏன் அதைக் கேட்டேன், சொல்லு" என்று அரை நிமிடம் செலவழிக்கும் பயிற்சியாளர் ஓர் ஆளை உருவாக்குகிறார்.

இனோயே-பெரஸ் 1989, 1990, 1992 ஆண்டுகளில் பட்டம் வென்ற அணிகளில் இருந்தார். ஆடும் காலம் முடிந்ததும் நேராகத் தலைமை நாற்காலிக்குப் போகவில்லை. 1994 முதல் 2006 வரை 13 பருவம் உதவிப் பயிற்சியாளர். தலைமையில் இருந்த சூ என்க்விஸ்ட்டும் அதே கல்லூரியின் பழைய ஆட்டக்காரர். 1978-இல் ஆட்டக்காரராகத் தேசியப் பட்டம் வென்றவர். அவர் அவுட்ஃபீல்டர் (பேஸ்களுக்கு அப்பால் தொலைவில் நிற்பவர்) என்பதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் நேர்மையாகாது. அரிசோனா பல்கலைக்கழக அணியில் மைக் கேண்ட்ரியாவுக்குப் பின் 2021-இல் தலைமைப் பொறுப்பேற்ற கெய்ட்லின் லோவும் அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர்தான். எல்லா நல்ல பயிற்சியாளரும் கேட்சர் அல்ல. ஆனால் அவுட்ஃபீல்டர் பெஞ்சில் உட்கார்ந்து கற்க வேண்டிய பலவற்றைக் கேட்சர் கவசம் போட்டபடியே கற்றுவிடுகிறார்.

இனோயே-பெரஸுக்கு 2010, 2019 என்று தலைமைப் பயிற்சியாளராக இரண்டு பட்டம். 2019-இல் அவருடைய பிட்சர் ரேச்சல் கார்சியா வாஷிங்டனுக்கு எதிராக 10 இன்னிங்ஸும் ரன் விடாமல் வீசி, 16 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, கடைசியில் தானே மூன்று ரன் ஹோம் ரன் அடித்து முடித்தார். களைத்த பிட்சரை எடுக்காமல் விடுவது எளிய முடிவல்ல. அவர் கையில் இன்னும் பந்து இருக்கிறதா என்று ஊகிக்கும் கண் எங்கே பழகியது என்று நினைக்கிறீர்கள்?

சறுக்கலும் உண்டு. 2023-இல் நாட்டின் இரண்டாம் நிலை அணியாக வந்து, சொந்த மைதானத்தில் கிராண்ட் கேன்யனிடமும் லிபர்ட்டியிடமும் அடுத்தடுத்துத் தோற்று முதல் வாரத்திலேயே வெளியேறினார்கள். மறு ஆண்டே தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று நடக்கும் ஓக்லஹோமா சிட்டியில் கடைசி எட்டு அணிகளில் திரும்பவும் இருந்தார்கள்.

இப்போது ஒரு கவலை. முன்பு சாஃப்ட்பாலுக்கு அணிக்கு 12 உதவித்தொகை என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் கட்டுப்பாடு இருந்தது. 2025-26 பருவத்திலிருந்து, புதிய வருவாய்ப் பகிர்வு ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அது போய், அணிக்கு 25 பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆளைக் குறைக்க வேண்டிய இடத்தில் முதலில் கண் போவது மூன்றாவது கேட்சர் மேல்தான். ஆட்டத்தில் அவர் இறங்குவதே அபூர்வம். ஆனால் ஐந்து பிட்சர் இருக்கும் அணியில் தினசரிப் பயிற்சிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீசுவார்கள், மூன்றாமவர் சூடேற்றிக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பந்துகளை யார் பிடிப்பது? முதல் கேட்சரையே பிடிக்க வைத்தால் ஏப்ரல் மாதத்துக்குள் முட்டி போய்விடும். இயந்திரமோ வலையோ பிடித்தால், டிராப் பால் இன்று இரண்டு அங்குலம் முன்னதாக விழுகிறது என்று பிட்சரிடம் சொல்ல ஆள் இருக்காது.